திறந்ததை மூடும் பொறுப்பு: உட்பொதி எஸ்.கியூ.எல். நிரல்களில் கர்சரின் வரலாறு

கணிப்பொறி நிரல் ஒன்று தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும்போது, விடையாக வரும் பதிவுகள் ஒன்றா, ஆயிரமா, ஒரு கோடியா என்பது நிரல் எழுதப்படும் வேளையில் எவருக்கும் தெரியாது, கோபோல், பி.எல்.-ஒன், சி போன்ற மொழிகளோ ஒரு நேரத்தில் ஒரு பதிவை மட்டும் கையிலெடுத்து வேலை செய்யும் இயல்புடையவை. இவ்விரண்டையும் இணைப்பதற்காக 1970களின் நடுப்பகுதியில், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் உருவான ஏற்பாடே கர்சர். விடையாகக் கிடைத்த பதிவுத் தொகுப்பில் நிரல் இப்போது எந்தப் பதிவில் நிற்கிறது என்பதைத் தரவுத்தளம் நினைவில் வைத்துக்கொள்ளும் குறியீடு அது. பேரேட்டில் கணக்குப் பார்ப்பவர் எந்த வரியில் இருக்கிறோம் என்பதற்காக விரலை வைத்துக்கொள்வதைப் போன்றது. ஆனால் அந்த நினைவுக்கு விலை உண்டு. அது திறந்திருக்கும் வரை நினைவக இடமும், பல வேளைகளில் பதிவுகள் மீதான பூட்டுகளும், சில அமைப்புகளில் இயக்கத் தளத்தின் கோப்பு எண்களும் பிடித்து வைக்கப்படுகின்றன. ஆகவே திறந்த ஒவ்வொன்றையும் யாராவது மூடியாக வேண்டும். அந்த யாராவது நிரலரா, முன்தொகுப்பானா, தரவுத்தளமா, மொழியின் இலக்கணமா என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டன.

இந்தக் கடமை கர்சரோடு பிறந்ததன்று. கோப்புகளையே நம்பியிருந்த காலத்திலிருந்து அது வழிவழியாக வந்தது. 1960இல் முதல் வரையறை வெளியான கோபோல் மொழியில், கோப்பைத் திறக்க ‘ஓப்பன்’, அடுத்த பதிவைப் படிக்க ‘ரீட்’, முடிவில் ‘குளோஸ்’ என்ற மூன்று வினைகள் இருந்தன. படிக்க இனிப் பதிவு இல்லை என்பதை அறிவிக்க ‘அட் எண்ட்’ என்ற கிளைத்தொடர் ரீட் கட்டளையோடு சேர்க்கப்பட்டது. திறத்தல் என்பது வெறும் அறிவிப்பன்று: இயக்கத் தளம் கோப்பின் தலைப்பைச் சரிபார்த்து, பதிவுகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதிகளை ஒதுக்கி, தன் அட்டவணையில் ஓர் இடத்தை அக்கோப்புக்கு அளிக்கும். மூடும்போதுதான், தற்காலிகப் பகுதியில் தேங்கி நிற்கும் கடைசிப் பதிவுகள் நாடாவிலோ வட்டிலோ எழுதப்படும் என்பதால், மூடாமல் விடுவது தரவை இழப்பதற்குச் சமமாக இருந்தது. ஆயினும் இரவில் ஓடி விடியலில் முடியும் தொகுதிப்பணி நிரல்களில், நிரலர் மூட மறந்த கோப்பையும் நிரல் முடியும்போது அமைப்பே மூடிவிடும். இந்த ஆறுதல் பின்வந்த பல பழக்கங்களுக்கு வித்திட்டது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கோப்புக்கும் கர்சருக்கும் நடுவில் ஒரு தலைமுறை தரவுத்தளங்கள் இருந்தன. அப்போலோ விண்கலத் திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலைக் கையாள ஐ.பி.எம்., ராக்வெல் முதலிய நிறுவனங்கள் உருவாக்கிய ஐ.எம்.எஸ். அமைப்பு 1968இல் இயங்கத் தொடங்கியது. தரவை மரக்கிளை வடிவில் அடுக்கிய அவ்வமைப்பில், ‘அடுத்ததைக் கொடு’ என்னும் அழைப்பை நிரல் விடுக்கும்போது, அடுத்தது எது என்பதை நிரலுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு தொடர்புக் கட்டத்தில் அமைப்பு குறித்து வைத்திருக்கும். கோபோலை வளர்த்த கோடசில் குழுவின் தரவுத்தளப் பணிக்குழு 1971இல் வெளியிட்ட அறிக்கை இதனை மேலும் விரித்தது. நிரல் கடைசியாகத் தொட்ட பதிவு, ஒவ்வொரு பதிவு வகையிலும் கடைசியாகத் தொட்டது, ஒவ்வொரு இணைப்புத் தொகுப்பிலும் கடைசியாகத் தொட்டது எனப் பல ‘நடப்புக் குறிகளை’ அமைப்பு ஒரே வேளையில் காத்து வந்தது. இத்துறையின் முன்னோடியான சார்லஸ் பாக்மன் 1973இல் டியூரிங் விருது பெற்று ஆற்றிய உரையில், நிரலரைத் தரவுக் கடலில் வழி கண்டு செல்லும் மாலுமியாகவே உருவகித்தார். அவ்வழிசெலுத்தலில் ஆற்றல் இருந்தது. ஆனால் ஒரு பதிவைத் தேடிச் சென்றதால் வேறொரு நடப்புக் குறி நிரலர் அறியாமலே நகர்ந்துவிடும் இடர்ப்பாடும் அதனுடன் ஒட்டியே இருந்தது.

சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970 ஜூன் மாதம் வெளியிட்ட கட்டுரை இந்த வழிசெலுத்தலையே தேவையற்றதாக்க முயன்றது. தரவெல்லாம் அட்டவணைகளாக இருக்கும். வேண்டியது எது என்று மட்டும் பயனர் சொல்லுவார். எந்த வழியாகச் சென்று எடுப்பது என்பதை அமைப்பே முடிவு செய்யும். விடையும் ஒரு முழு அட்டவணையாகவே வரும் என்பது அவர் முன்வைத்த மாதிரியின் சாரம். 1974இல் ஆன் ஆர்பர் நகரில் நடந்த கூட்டத்தில் காட் தரப்பும் பாக்மன் தரப்பும் நேருக்கு நேர் வாதிட்டன. அதே கூட்டத்தில்தான் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் ‘சீக்வெல்’ என்ற வினவல் மொழியை அறிமுகப்படுத்தினர். அம்மொழியே பின்னர் வணிகப் பெயர் உரிமைச் சிக்கலால் எஸ்.கியூ.எல். எனச் சுருங்கியது.

காட்டின் மாதிரி நடைமுறைக்கு ஏற்றதா என்று சோதிக்க அதே ஆய்வுக்கூடத்தில் 1974இல் தொடங்கிய ‘சிஸ்டம் ஆர்’ திட்டம், முனையத்தில் அமர்ந்து கேள்வி கேட்பவருக்கும் நிரல் எழுதுபவருக்கும் ஒரே மொழி போதும் என்ற கொள்கையை மேற்கொண்டது. முனையத்தில் சிக்கல் எழவில்லை; விடை அட்டவணை திரையில் அல்லது தாளில் வந்துவிடும். நிரலுக்குள் அதே கேள்வியைப் பொதித்தபோதுதான் தடை எதிர்ப்பட்டது, ஏனெனில் அளவு தெரியாத அட்டவணை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளும் மாறி எதுவும் கோபோலிலோ பி.எல்.-ஒன்னிலோ இல்லை. ஆகவே கேள்விக்கு ஒரு பெயர் சூட்டி, அப்பெயரைத் திறந்து, விடைப் பதிவுகளை ஒவ்வொன்றாக நிரலின் மாறிகளுக்குள் இறக்கி, முடிந்ததும் மூடும் முறை வகுக்கப்பட்டது. சிஸ்டம் ஆரில் டாலர் குறியிட்ட ‘லெட்’ கட்டளை கர்சருக்கு அதன் கேள்வியை அளித்தது. பின்னாளைய வடிவில் அது ‘டிக்ளேர்’ ஆயிற்று. ‘ஓப்பன்’, ‘ஃபெட்ச்’, ‘குளோஸ்’ ஆகிய மூன்றும் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. கோபோல் நிரலர் ஒருவர் அவற்றைப் பார்த்தவுடன் தமக்குப் பழகிய கோப்புக் கட்டளைகளையே கண்டார். தொகுப்புகளாகவே சிந்திக்க வேண்டும் என்று காட் கோரிய இடத்தில், பதிவுக்குப் பதிவு நடக்கும் பழைய நடை மீண்டும் நுழைந்தது என்றாலும், கடமைகளின் பங்கீடு மாறியிருந்தது: எந்த வழியில் பதிவை அடைவது என்ற சுமை நிரலரிடமிருந்து நீங்கியது, திறப்பதும் மூடுவதும் அவரிடமே தங்கின.

இம்முறை இயங்கிய விதத்தையும் கவனிக்க வேண்டும். நிரல் மொழியின் தொகுப்பானுக்கு எஸ்.கியூ.எல். தெரியாது என்பதால், அதற்கு முன் முன்தொகுப்பான் என்ற மற்றொரு நிரல் மூலத்தைப் படித்து, எஸ்.கியூ.எல். கட்டளைகளைப் பிரித்தெடுத்து, அவை இருந்த இடத்தில் சாதாரண அழைப்புகளை வைத்துவிடும். பிரித்தெடுத்த கட்டளைகளை, ரேமண்ட் லோரி முன்னின்று வகுத்த முறைப்படி, முன்கூட்டியே இயந்திரக் குறிமுறையாக மாற்றித் தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்தனர்; இவ்வாறு மாற்றுவதற்கு ஏறத்தாழ 100 சிறு குறிமுறைத் துண்டுகள் போதுமானவையாக இருந்தன. இந்த அமைப்பினால் ஒரு விளைவு ஏற்பட்டது. கர்சரின் அறிவிப்பு ஓட்டத்தின்போது நிகழும் செயலன்று, முன்தொகுப்பானுக்கு மட்டும் உரிய குறிப்பு. எனவே பின்னாளில் கோபோல் நிரலர்கள் டிக்ளேர் கட்டளையை மாறிகள் அறிவிக்கப்படும் பகுதியிலேயே எழுதி வைத்தனர். திறத்தலும் மூடுதலும் மட்டுமே உண்மையில் நிகழும் செயல்கள். ஆனால் அவை நிரலின் எந்த மூலையிலிருந்தும் நிகழலாம் என்பதால், ஒவ்வொரு திறப்புக்கும் இணையான மூடல் உண்டா என்பதை முன்தொகுப்பானால் சரிபார்க்க இயலவில்லை. பின்வந்த துன்பங்களுள் பெரும்பகுதி இந்த ஒரு பண்பிலிருந்து கிளைத்தது.

திறந்திருக்கும் கர்சர் எவ்வளவு நுட்பமான பொருள் என்பதை அக்குழுவினர் விரைவிலேயே உணர்ந்தனர். சேம்பர்லின், பாட்ரிசியா செலிங்கர், மார்ட்டன் ஆஸ்ட்ரஹான் ஆகியோர் 1976ஆம் ஆண்டளவில், 25,000 டாலருக்குக் குறைவாக ஊதியம் பெறும் ஊழியர் அனைவருக்கும் பத்து விழுக்காடு உயர்வு வழங்கும் கட்டளை ஒன்றை ஆராய்ந்தபோது, கட்டளை பிழையின்றி முடிந்தது. ஆனால் முடிவில் அனைவரும் 25,000 டாலரையோ அதற்கு மேலோ பெற்றுக்கொண்டிருந்தனர். ஊதியத்தின்படி அடுக்கிய சுட்டுவரிசை, அதாவது பதிவை விரைந்து கண்டுபிடிக்க உதவும் துணைப்பட்டியல், வழியாக அமைப்பு நடந்துகொண்டிருந்தது. உயர்வு பெற்ற பதிவு அப்பட்டியலில் முன்னே நகர்ந்து, பின்னால் வந்த தேடலின் கையில் மறுபடியும் சிக்கியது. ஹாலோவீன் திருநாளன்று வெளிப்பட்டதால் அந்நாளின் பெயரையே பெற்ற இச்சிக்கலுக்கு, திருத்தப்படவிருக்கும் பத்தியின் சுட்டுவரிசையைத் தேடலுக்குப் பயன்படுத்துவதில்லை என்ற விதியைத் தீர்வாக வைத்தனர். கர்சரை அறிவிக்கும்போதே எந்தப் பத்திகள் திருத்தப்படும் என்று நிரலர் சொல்ல வேண்டும் என்ற வழக்கத்துக்கு இவ்விதியில் பயன் இருந்தது. அச்சொல்லைக் கேட்டே அமைப்பு பாதுகாப்பான பாதையைத் தேர்ந்தது. கர்சர் நிற்கும் பதிவையே திருத்தவும் நீக்கவும் வழி செய்த கட்டளை, அதன் ஆற்றலுக்கும் இடருக்கும் ஒருசேர மூலமாயிற்று.

அதே ஆண்டுகளில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ‘இங்க்ரெஸ்’ குழு இச்சிக்கலை முற்றிலும் வேறு வகையில் அணுகியது. எரிக் ஆல்மன், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், ஜெரால்ட் ஹெல்ட் ஆகியோர் 1976இல் விவரித்த ‘ஈக்வெல்’ என்ற முறையில், சி மொழி நிரலுக்குள் இரட்டை எண் குறியிட்டு எழுதப்பட்ட ‘ரெட்ரீவ்’ கட்டளையை அடுத்து, அடைப்புக்குறிகளுக்குள் ஒரு கட்டளைத் தொகுதி வரும்; விடையின் ஒவ்வொரு பதிவுக்கும் அத்தொகுதி ஒருமுறை ஓடும்; பதிவுகள் தீர்ந்ததும் தொகுதி முடிந்துவிடும். திறக்க ஒன்றுமில்லை, மூடவும் ஒன்றுமில்லை. மொழியின் அமைப்பே மறதிக்கு இடம் கொடாமல் செய்துவிட்ட இந்த எண்ணம், அக்காலத்துக்கு மிக முற்பட்ட ஒன்று என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதன் விலையும் உடனடியாகத் தெரிந்தது. பி.டி.பி.-11 கணிப்பொறியின் குறுகிய நினைவக எல்லைக்குள் அடங்குவதற்காக இங்க்ரெஸ் பல செயல்முறைகளாகப் பிரிக்கப்பட்டு, குழாய் இணைப்புகள் வழியே ஒன்றோடொன்று பேசியது. பதிவுகள் அக்குழாய் வழியே வந்துகொண்டிருக்கும்போது அத்தொகுதிக்குள்ளிருந்து மற்றொரு தரவுக் கட்டளையைத் தர இயலாது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் படித்து, அவருடைய நிலுவைகளைத் தேடி, கணக்கைத் திருத்தி எழுதும் வணிக நிரலுக்கு இது போதவில்லை. ஒரே வேளையில் மூன்று நான்கு கர்சர்களைத் திறந்து வைத்து, ஒன்றை நிறுத்தி மற்றொன்றை நகர்த்தி, வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு வேறொரு துணைநிரலில் தொடரும் சுதந்திரத்தை வெளிப்படையான கர்சரே தந்தது. வணிக உலகம் அதைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

ஆரக்கிள் என்று பின்னர் பெயர் பெற்ற நிறுவனம் 1979இலும், ஐ.பி.எம். எஸ்.கியூ.எல்./டி.எஸ். என்ற பெயரில் 1981இலும், டி.பி.2 என்ற பெயரில் 1983இலும் வணிக வடிவங்களை வெளியிட்டன. 1986இல் அமெரிக்கத் தர நிறுவனமும் 1987இல் பன்னாட்டுத் தர அமைப்பும் எஸ்.கியூ.எல். தரத்தை ஏற்றபோது கர்சரும் அதில் இடம்பெற்றது. மூடும் பொறுப்பைப் பற்றித் தரம் ஒரு தெளிவான விதியைக் கூறியது: பரிவர்த்தனை, அதாவது முழுவதுமாக நிலைபெற வேண்டிய அல்லது முழுவதுமாகக் கைவிடப்பட வேண்டிய மாற்றங்களின் தொகுதி, ‘கமிட்’ கட்டளையால் உறுதியானதும் திறந்திருக்கும் எல்லாக் கர்சர்களும் மூடப்படும். இவ்வாறு பொறுப்பின் ஒரு பகுதி நிரலரிடமிருந்து பரிவர்த்தனைக்கு மாறியது.

எஞ்சிய பகுதி நிரலரிடமே இருந்தது; அதைத் தவறவிட்டதன் அடையாளங்கள் எண்களாக வெளிப்பட்டன. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் தரவுத்தளம் ஒரு நிலைக்குறியீட்டைத் திருப்பித் தரும். சுழி என்றால் வெற்றி, நேர்ம எண் 100 என்றால் இனிப் பதிவில்லை, எதிர்ம எண் என்றால் பிழை. டி.பி.2 அமைப்பில் திறக்காத கர்சரிலிருந்து பதிவு கேட்டால் எதிர்மம் 501, ஏற்கெனவே திறந்திருப்பதை மீண்டும் திறந்தால் எதிர்மம் 502. பிந்தையதுதான் மறதியின் நேரடிச் சான்று: துணைநிரல் ஒன்று முதல் அழைப்பில் வேண்டிய பதிவு கிடைத்ததும் பாதியிலேயே திரும்பிவிடும், கர்சர் திறந்தபடியே இருக்கும், இரண்டாம் அழைப்பில் ஓப்பன் தோற்கும். 100 என்ற குறியீடு வந்ததும் கர்சர் தானாகவே மூடிக்கொள்ளும் என்ற தவறான நம்பிக்கையும் பரவலாக இருந்தது. பதிவுகள் தீர்வது வேறு, கர்சர் மூடுவது வேறு என்ற வேறுபாடு, கோப்புக் காலத்தின் அட் எண்ட் தொடருக்கும் குளோஸ் கட்டளைக்கும் இடையே இருந்த அதே வேறுபாடுதான்.

பிழை நேரும்போது எங்கே தாவ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் ‘வென்எவர்’ கட்டளை இந்நிலையை மேலும் சிக்கலாக்கியது. அது நிரலின் ஓட்டத்தைப் பின்பற்றுவதில்லை. மூலத்தில் எழுதப்பட்ட இடத்திலிருந்து கீழே வரும் வரிகளுக்கெல்லாம், மற்றொரு வென்எவர் வரும் வரை, பொருந்தும். எனவே மடக்கு ஒன்றின் நடுவே பிழை நேர்ந்தால் கட்டுப்பாடு குளோஸ் கட்டளையைத் தாண்டிப் பிழைப் பகுதிக்குப் போய்விடும். அப்பகுதியில் கர்சரை மூட எழுதிய கட்டளையே பிழையானால், அது மீண்டும் அதே பகுதியின் தலைக்குத் தாவி முடிவின்றிச் சுழலும். அனுபவமுள்ள நிரலர்கள் பிழைப் பகுதியின் முதல் வரியிலேயே, இனிப் பிழை நேர்ந்தாலும் நில்லாமல் தொடர்க என்று எழுதிவிட்டு அதன்பின் மூடுவதையும் மாற்றங்களைக் கைவிடுவதையும் வைத்தனர். சிறிய ஒழுக்கம்தான்; ஆனால் பல இரவுப் பணிகள் அதனால் காப்பாற்றப்பட்டிருக்கும்.

யூனிக்ஸ் கணிப்பொறிகளில் தரவுத்தளங்கள் குடியேறியபோது, கோப்புக் காலத்தின் பழைய எல்லை நேரடியாகவே திரும்பி வந்தது. யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் ஒரு செயல்முறை ஒரே வேளையில் 20 கோப்புகளையே திறந்து வைத்திருக்க முடியும். அவற்றுள் மூன்று, உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பிழைச் செய்திக்கும் தொடக்கத்திலேயே போய்விடும். 1980இல் ரோஜர் சிப்பல் தொடங்கிய நிறுவனத்தின் இன்ஃபார்மிக்ஸ் தரவுத்தளமும் அதன் அடித்தளமான சி-ஐசாம் நூலகமும் ஒவ்வொரு அட்டவணையையும் தரவுக்கு ஒன்று, சுட்டுவரிசைக்கு ஒன்று என இரண்டு கோப்புகளாக வட்டில் வைத்தன. எஞ்சிய 17 எண்களை இரண்டால் வகுத்தால், நூலகத்தை நேரடியாக அழைக்கும் நிரல் ஒன்று எட்டு அட்டவணைகளுக்கு மேல் ஒரே வேளையில் தொட இயலாது. அச்சுக்கு ஓர் அறிக்கைக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் அந்த எட்டும் நெருக்கடிதான். அக்காலத்துத் தனியாள் கணிப்பொறிகளின் டாஸ் இயக்கத் தளத்திலும் ஒரு நிரலுக்குரிய எல்லை இயல்பாக 20தான். ஐந்து முன்கூட்டியே பிடிக்கப்பட்டிருக்க, தொடக்கக் கோப்பில் திறந்த கோப்புகளின் எண்ணிக்கையை உயர்த்தி எழுதாவிட்டால் அதுவும் கிட்டாது. ஓர் அட்டவணையைப் பயன்படுத்தி முடித்தவுடன் மூடுவது இச்சூழலில் நற்பழக்கம் என்ற நிலையைத் தாண்டி, நிரல் ஓடுவதற்கான நிபந்தனையாகவே ஆயிற்று. இன்ஃபார்மிக்ஸின் உட்பொதி மொழி மூடுதலையும் விடுவித்தலையும் இரு செயல்களாகவே பிரித்தது: குளோஸ் விடைத் தொகுப்பைக் கைவிடும், கேள்விக்காக ஒதுக்கிய நினைவகம் ‘ஃப்ரீ’ என்ற தனிக் கட்டளையால்தான் திரும்பும்.

இந்தப் பிரிவினையை மிகவும் விரிவாக வளர்த்தெடுத்தது ஆரக்கிள். அதில் நிரலர் கண்ணுக்குத் தெரியும் கர்சர் ஒரு பெயர் மட்டுமே. அதன் பின்னே, முன்தொகுப்பான் நிரலுக்குள் வைத்திருக்கும் கர்சர் சேமிப்பில் ஒரு பதிவும், அதற்கும் பின்னே, தரவுத்தளத்தில் அந்தக் கட்டளைக்கென ஒதுக்கிய தனிப் பகுதியும் இருக்கும். ஒரு கட்டளையைப் பகுத்துப் பொருள் கண்டு பாதை வகுப்பது செலவு மிக்க வேலை. அதே கட்டளை மீண்டும் வரக்கூடும் என்பதால், நிரலர் குளோஸ் எழுதினாலும் முன்தொகுப்பான் அந்த இணைப்புகளை உடனே அறுப்பதில்லை. எத்தனை கர்சர்களைச் சேமிப்பில் வைக்கலாம் என்பதை ‘மேக்ஸ்ஓப்பன்கர்சர்ஸ்’ என்ற விருப்பம் தீர்மானிக்கும். அதன் இயல்பு அளவு 10. இணைப்பைப் பிடித்து வைக்க ‘ஹோல்ட்_கர்சர்’, உடனே விட்டுவிட ‘ரிலீஸ்_கர்சர்’ என இரு விருப்பங்கள் உண்டு. இரண்டையும் ஒருசேரக் கேட்டால் விடுவித்தலே வெல்லும். தரவுத்தளத்தின் பக்கத்திலோ ஓர் அமர்வுக்கு எத்தனை கர்சர் என்ற எல்லை ‘ஓப்பன்_கர்சர்ஸ்’ என்ற அளவுருவில் இருந்தது, இயல்பாக 50. அதைத் தாண்டினால் 1000 என்ற எண்ணுடைய பிழை வரும்: திறந்த கர்சர்கள் மிகுந்துவிட்டன என்று. எல்லாவற்றையும் ஒழுங்காக மூடியிருந்தும் இந்தப் பிழையைக் கண்டு திகைத்த நிரலர்கள் பலர். அவர்கள் மூடியது பெயரைத்தான், அமைப்பு பிடித்து வைத்திருந்தது பகுதியை. வேகத்துக்காகச் சேமிப்பதும் எல்லைக்காக விடுவதும் ஒன்றையொன்று இழுக்கும் இந்தப் போட்டியில், பொறுப்பு நிரலரிடமும் முன்தொகுப்பானிடமும் நிர்வாகியிடமும் மூன்றாகச் சிதறியது.

பதிவுகள் தீர்ந்ததற்கு ஆரக்கிளின் சொந்த முறையில் 1403 என்றும், தர முறையில் 100 என்றும் குறியீடு வந்ததால், ஒரு முறைக்கு எழுதிய மடக்கு மற்றொரு முறையில் தொகுக்கப்பட்டால் முடிவைக் கண்டுகொள்ளாமல் போகும் இடரும் இருந்தது. 1992ஆம் ஆண்டுத் தரம் ஐந்து எழுத்துகள் கொண்ட பொதுவான நிலைக்குறியீட்டை வகுத்து இதனைச் சீர்செய்ய முயன்றது. முன்னும் பின்னும் நகரும் கர்சரையும் அதே தரம் சேர்த்தது.

கமிட்டோடு கர்சரை மூடுவது என்ற விதி கொள்கையளவில் தூய்மையானது. நடைமுறையில் அது வலித்தது. இலட்சக்கணக்கான பதிவுகளைத் திருத்தும் தொகுதிப்பணி, முழுவதையும் ஒரே பரிவர்த்தனையாக வைத்திருந்தால் பூட்டுகள் குவிந்து பிறர் வேலை நிற்கும். நடுவில் இயந்திரம் நின்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆயிரம் பதிவுகளுக்கு ஒருமுறை கமிட் செய்யலாம் என்றால், கர்சர் மூடி, நின்ற இடம் மறந்துவிடும். இதற்கு விடையாகவே கமிட்டைத் தாண்டியும் திறந்திருக்கும் கர்சரை, ‘வித் ஹோல்ட்’ என்ற தொடரால், டி.பி.2 முதலிய அமைப்புகள் வழங்கின. 1999ஆம் ஆண்டுத் தரம் அதை ஏற்றது. ஆரக்கிளில் கர்சர் இயல்பாகவே கமிட்டைத் தாண்டி நின்றது. ஆனால் அங்கே வேறொரு சிக்கல் காத்திருந்தது. கர்சர் திறந்த கணத்தில் தரவு எப்படி இருந்ததோ அப்படியே காட்டுவதற்காக, மாற்றப்பட்ட பதிவுகளின் பழைய வடிவை ஆரக்கிள் தனியே காக்கும். பரிவர்த்தனை முடிந்ததும் அந்த இடத்தை வேறு மாற்றங்களுக்கு விட்டுக்கொடுக்கலாம். கர்சரைத் திறந்து வைத்துக்கொண்டே மடக்குக்குள் அடிக்கடி கமிட் செய்யும் நிரல், தன் கர்சருக்குத் தேவையான பழைய வடிவை அழித்தெழுதும் உரிமையைத் தானே அமைப்புக்கு வழங்கிவிடுகிறது. பல மணி நேரம் ஓடியபின் 1555 என்ற எண்ணோடு, பழைய தோற்றம் கிட்டவில்லை என்ற பிழையில் அது நிற்கும். இடத்தைக் கூட்டுவதே தீர்வென்று பலர் முதலில் கருதினர். பெரும்பாலும் தீர்வு கமிட் செய்யும் இடத்தை மாற்றுவதில் இருந்தது.

இணையத்துக்கு முற்பட்ட முனையப் பயன்பாடுகளில் இன்னும் கூர்மையான தடை ஒன்று இருந்தது. ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளில் ஆயிரக்கணக்கான முனையங்களை இயக்கிய சி.ஐ.சி.எஸ். அமைப்பில், பயனர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நிரல் நினைவகத்தில் தங்குவதில்லை. ஒவ்வொரு திரை அனுப்பலோடும் பணி முடிந்து, பரிவர்த்தனை உறுதியாகி, கர்சர்களும் மறைந்துவிடும். வித் ஹோல்ட் தொடரும் இங்கே உதவாது. எனவே அடுத்த பக்கத்தைக் காட்ட, முந்தைய திரையின் கடைசி முதன்மைச் சாவியை ஓரிடத்தில் குறித்து வைத்து, அதைவிடப் பெரிய சாவிகளை மட்டும் கேட்கும் புதிய கர்சரைத் திறந்து, ஒரு திரைக்கு வேண்டிய பதிவுகளை எடுத்துவிட்டு உடனே மூடும் முறையை நிரலர்கள் வகுத்தனர். இன்றைய வலைப்பக்கங்களில் ‘அடுத்து’ என்னும் பொத்தானுக்குப் பின்னே பல இடங்களில் இயங்குவது இதே உத்திதான். கர்சரை நம்பாமல் கர்சரைப் பயன்படுத்தும் இந்தக் கைத்திறன், உட்பொதி எஸ்.கியூ.எல். உலகம் பிற்காலத்துக்கு விட்டுச்சென்றவற்றுள் மிகச் சிறந்தது என்று கருத இடமுண்டு.

1990களில் முன்தொகுப்பானின் இடத்தை நூலகங்கள் பிடித்தன, 1992இல் ஓ.டி.பி.சி., 1997இல் ஜாவா மொழிக்கான ஜே.டி.பி.சி. வந்தன. சைபேஸ், மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வர் ஆகியவற்றில் ஒரு கேள்வியின் விடையை முழுவதும் வாங்கி முடிக்காமல் அதே இணைப்பில் அடுத்த கட்டளையைத் தர முடியாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் நீடித்தது. இங்க்ரெஸின் குழாய் இணைப்பில் காணப்பட்ட அதே தடை அது. மைக்ரோசாஃப்ட் 1995இல் வழங்கியின் பக்கத்திலேயே கர்சர்களை வைத்தும், 2005இல் ஒரே இணைப்பில் பல விடைகளை அனுமதித்தும் அதிலிருந்து விலகியது. ஈக்வெலின் மற்றொரு பாதியும் திரும்பி வந்தது. ஆரக்கிளின் பி.எல்./எஸ்.கியூ.எல். மொழியில் கர்சரைச் சுற்றி எழுதும் மடக்கு, திறத்தலையும் மூடுதலையும் தானே ஏற்றது. 2011இல் வெளியான ஜாவா ஏழாம் பதிப்பு, ஒரு தொகுதியின் தலையில் அறிவிக்கப்பட்ட வளங்களைத் தொகுதி எவ்வகையில் முடிந்தாலும், பிழையால் முடிந்தாலும்கூட, மூடிவிடும் வசதியைத் தந்தது. பிழைப் பகுதிக்குத் தாவும்போது மூடலைத் தவறவிடும் பழைய நோய்க்கு மொழியின் இலக்கணத்திலேயே மருந்து கிடைத்தது.

இதற்கிடையே நிரலின் வாழ்நாள் மாறியிருந்தது. தொகுதிப்பணி முடிந்தவுடன் அமர்வும் முடிந்து, மறந்துபோன கர்சர்களெல்லாம் அதனோடு ஒழிந்துபோகும் ஆறுதல், நாள்கணக்கில் திறந்திருக்கும் இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் பயன்பாட்டு வழங்கிகளில் இல்லை. ஒரு கோரிக்கைக்கு ஒரு கர்சர் வீதம் கசிந்தாலும், எல்லையை எட்டும் நாள் வரும். வேகத்துக்காக அந்த வழங்கிகள் முன்தயாரித்த கட்டளைகளை இணைப்புக்கு இத்தனை என்று சேமித்து வைப்பதால், ஜாவா நிரல் தன் தொகுதியை ஒழுங்காக முடித்துக் கட்டளையை மூடினாலும், தரவுத்தளத்தில் அதன் கர்சர் சேமிப்பின் பெயரில் திறந்தே இருக்கும். அந்தச் சேமிப்பின் அளவு ஓப்பன்_கர்சர்ஸ் எல்லைக்குள் அடங்குகிறதா என்பதை, முன்பு மேக்ஸ்ஓப்பன்கர்சர்ஸ் விருப்பத்தைக் கணக்கிட்டவர்களைப் போலவே, இன்றைய நிர்வாகிகளும் கணக்கிட்டு வைக்கின்றனர்.